மூன்றாவது பாட்டு

சோடர்ஹாம்ன்
14 செப்டம்பர் 1996

என் செல்லத் தங்கச்சி எல்சிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம். ஒரு வரி எழுதக்கூடக் கை வலிக்கிற மகாராணி நீதான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் மூவர் குழுவின் சி.டி. அனுப்பினாயே, அதை இத்தனை நாளும் பிரிக்காமலே வைத்திருந்தேன். எனக்குச் சனிக்கிழமை நடனக் கூடத்துப் பாட்டு போதும். பாடகன் தொண்டை கிழியக் காதலைச் சொல்லவேண்டும், நான் ஆடவேண்டும். வாயே திறக்காத சங்கீதம் உப்பில்லாத கஞ்சி என்று உன் முகத்துக்கு நேரே சொன்னவள்தானே நான்? நேற்று லிங்கொன் பழ ஜாம் கிளறும்போது ரேடியோ மக்கர் பண்ணியது. தொலைகிறது என்று உன் சி.டி.யைப் போட்டேன். முதல் இரண்டுக்கும் கொட்டாவி. மூன்றாவதில் யால்மரின் வயலின் தனியாகக் கிளம்பியது, கீழேயிருந்து இங்கெலாவின் செல்லோ வந்து சேர்ந்தது, அப்புறம் உன் ஹார்மோனியம் மெல்ல மூச்சு விட்டது. அடிப்பாவி! கரண்டியும் கையுமாக நின்று அழுதேன். ஜாம் அடிப்பிடித்துப் போயிற்று.

விறகோடு வந்த உன் அத்தான், சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை நடுவில் நின்றார். "அத நிறுத்து, குன்வோர்."

"ஏன், நீங்களும் ஒரு காலத்துல வயலின் வாசிச்ச ஆளுதானே? நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

மறுபடி விறகு பிளக்கப் போய்விட்டார்.

உறையில் 'கல்யாண நடை' என்று மட்டும் போட்டிருக்கிறது. வருகிற ஜூனில் நம் மாலினுக்குக் கல்யாணம். நீங்கள் மூவரும் வாசிக்க, என் பெண் அந்தப் பாட்டுக்குத்தான் தேவாலயத்துக்குள் நடந்து வரவேண்டும். மாட்டேன் என்று சொல்லாதே.

ஆசை முத்தங்களுடன்,
அக்கா குன்வோர்


யார்வ்சோ
2 அக்டோபர் 1996

அன்பு அக்காவுக்கு,

எங்கள் இசை உனக்குப் பிடித்துவிட்டது என்று படித்ததும் துள்ளிக் குதித்தேன். மாலினுக்குக் கட்டாயம் வாசிப்போம். ஆனால் அந்தப் பாட்டு வேண்டாமே, அக்கா. ஏதோ பழசு, யார் போட்டதென்று தெரியவில்லை, கேட்கவும் கொஞ்சம் சோகம். வேறு இரண்டு நடை பதிவுசெய்து அனுப்புகிறேன், அதில் ஒன்றை எடுத்துக்கொள். டிசம்பர் முதல் தேதி இங்கே தேவாலயத்தில் எங்கள் கச்சேரி. நீ கிளம்பி வந்துவிடாதே. ரோடெல்லாம் வழுக்கும், உன் முட்டி தாங்காது.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் எல்சி


சோடர்ஹாம்ன்
3 டிசம்பர் 1996

எல்சி,

வந்தேன். உன்னை அசத்தலாம் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

யாரிடம் கற்றது, யாருக்காகப் போட்டது என்று சொல்லாமல் நம் பக்கத்து வயலின்காரன் எவனும் வில்லைத் தூக்கமாட்டான். உன் சி.டி. உறைதான் ஊமை. யால்மர் எழுந்து நின்று சொன்னார்: "இது சோடர்ஹாம்ன் சிக்ஸ்டன்கிட்ட நான் கத்துக்கிட்டது. அவரு போட்டது இது ஒண்ணுதான். எழுபதாம் வருஷம் நம்ம எல்சிக்காகப் போட்ட கல்யாண நடை."

ஜனங்கள் கைதட்டினார்கள். உன் முகம் சிவந்ததை அங்கிருந்தே பார்த்தேன்.

அதே சிக்ஸ்டன், உன் அத்தான், என்னைக் கட்டியது எழுபத்தொன்றில். என் கல்யாணத்துக்கு, ஊரில் எல்லாருக்கும் வாசிக்கிற நடையைத்தான் வாசித்தார்கள். அவருடைய வயலின் பரணுக்குப் போயிற்று. "கை மரத்துப் போச்சு, குன்வோர்" என்றார். நானும் நம்பினேன், மடச்சி.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எல்சிகிட்டயே கேளு" என்கிறார். கேட்கிறேன். சொல்.

குன்வோர்


யார்வ்சோ
11 டிசம்பர் 1996

அன்பு அக்கா,

சத்தியமாக எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. அந்த வசந்தத்தில் வந்து வாசித்துக் காட்டினார், கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அவர் மேல் உனக்கு ஆசை என்று எனக்குத் தெரியும். "எங்க அக்காவுக்கு உங்கள ரொம்பப் புடிக்கும், அங்க போங்க, அவ வேணாம்னு சொல்லமாட்டா" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். நீயும் நன்றாகத்தானே வாழ்ந்தாய்?

பெயரைச் சொல்லாதீர்கள் என்று யால்மரிடம் கெஞ்சினேன். "பேர மறைச்சு வாசிக்கிறவன் திருடன்" என்று எரிந்து விழுந்தார். இனி அந்தப் பாட்டை எங்கேயும் வாசிக்கமாட்டோம். கோபத்தை விடு, அக்கா. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

உன் எல்சி


சோடர்ஹாம்ன்
9 ஜனவரி 1997

எல்சிக்கு,

ஆக, நீ வேண்டாமென்று தள்ளியதை என்னிடம் அனுப்பி வைத்தாய். சின்ன வயதில் நான் கழித்த கோட்டுகளை நீ போட்டுக்கொண்டாய். இதில் மட்டும் முறை மாறிவிட்டது. இருபத்தைந்து வருஷமாக, என்னை விரும்பித்தான் வந்தார் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பையாவது நீ விட்டுவைத்திருக்கலாம்.

பாட்டை நிறுத்தவேண்டாம். என் எரிச்சலே அது இன்னும் நன்றாக இருக்கிறதே என்பதுதான். சி.டி.யை அடுப்பில் போடப் போனேன். மனசு வரவில்லை, திரும்பவும் கேட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக எனக்கென்று ஒரு சங்கீதம் கிடைத்தது, அதுவும் உனக்குப் போட்டதாக இருக்கிறது. நடனக் கூடத்துப் பாட்டும் இப்போது காதில் ஏறமாட்டேன் என்கிறது. அதையும் கெடுத்துவிட்டாய்.

மாலின் அந்தப் பாட்டுக்குத்தான் நடக்கப் போகிறாள். எல்லாம் அவளுக்குச் சொல்லிவிட்டேன். யால்மரும் இங்கெலாவும் வருகிறார்கள். ஹார்மோனியம் வேண்டாம் என்று நானே போன் பண்ணிச் சொன்னேன். யார் போட்டது, யாருக்காக என்று வழக்கப்படி அத்தனை பேர் முன்னாலும் யால்மர் சொல்லட்டும். உன் அத்தான் பக்கத்தில் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் பேர் வரும். நீ வராதே.

குன்வோர்