சத்தம் பதியாத கேமரா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மற்றதைப் படிக்குமுன் உட்கார்ந்துகொள்.

டாக்டரம்மா இன்று காலை முதல் நம் பல் பட்டறைக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். முதலில் அவருடைய கிளினிக்கில் வரவேற்பில் இருக்கும் பெண் போனில் சொன்னாள். நம்பாமல் நேரில் போய்க் கேட்டேன். ஆமாம் என்றார். நாம் கட்டும் பல் செட்டுகளில் பாதி அவருடையவை என்பது உனக்கே தெரியும். போனில் பேசினால் "பத்து நிமிஷம்தான் இருக்குக்கா" என்று ஆரம்பிப்பாய். எனக்கு ஒன்பதாவது நிமிடத்தில்தான் பேச்சே வரும். பட்டறை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எல்லோரும் படிப்பார்கள். அதனால் காகிதத்தில் எழுதி, படம் எடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன்.

நடந்தது இது. ஒரு பள்ளி ஆசிரியைக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டைப் பல்லோடு வகுப்பில் நிற்க வேண்டாம், பிடுங்கிய கையோடு செயற்கைப் பல்லை மாட்டிவிடுகிறேன் என்று டாக்டரம்மா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட வேலையில், பிடுங்கப் போகிற பல்லை நாம் முன்கூட்டியே, அவர் வாயை அளவெடுத்து வார்த்த பிளாஸ்டர் அச்சிலிருந்து செதுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் பல் கட்டுவோம். டாக்டரம்மா அனுப்பிய சீட்டில் வலது என்று இருந்தது. நம் ஆள் இடதைச் செதுக்கிவிட்டார். டாக்டரம்மா சரியான பல்லைத்தான் பிடுங்கியிருக்கிறார். பிறகு நாம் அனுப்பியதை எடுத்தால், பல் இருக்கிற பக்கத்துக்கு ஒரு பல், இல்லாத பக்கத்துக்கு வெறும் தகடு. ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாராம்.

செதுக்கியவர், நாம் எல்லோரும் சுண்ணாம்பு என்று கூப்பிடுகிறவர்தான். புருவத்தில் பிளாஸ்டர் தூள் இல்லாமல் நீயும் அவரைப் பார்த்திருக்க மாட்டாய். அவரைக் குற்றமே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் இடைவேளை வரைக்குமாவது கதை சொல்லாமல் விடமாட்டார். ஆனால் நேற்று, தப்பு நடந்தது என்று கேள்விப்பட்டதும் நீ குரூப்பில், செஞ்சவங்க இந்த வாரத்தோட கிளம்பட்டும் என்று போட்டாய். அவரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார், தம்பி.

நீ கொண்டுவந்த முறையை நான் குறை சொல்லவில்லை. முன்பு எந்த டாக்டர் அதிகம் கத்துகிறாரோ அவருடைய வேலைதான் முதலில் முடியும். இப்போது ஒவ்வொரு வேலைத் தட்டுக்கும் பலகையில் நேரம் எழுதுகிறோம்; போன்கள் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகின்றன; சாயங்காலம் எல்லாம் டெலிவரி ஆகிவிடுகிறது. முதல் வாரம் நான் வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போனபோது என் மகள் கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதை நீதான் எனக்குக் கொடுத்தாய்.

பட்டறையில் மேலே நீ மாட்ட வைத்த கேமரா விஷயம் வேறு. அதில் படம் வரும், சத்தம் வராது. நீ அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "வாய் ஓடுது, கை ஓடலை" என்று எழுதினாய். மறுநாளிலிருந்து பட்டறையில் சாணைக்கல் சத்தம் மட்டும்தான். அவர்கள் சினிமாவும் பேசினார்கள்தான். ஆனால் அச்சைக் கை மாற்றும்போது, கொடுப்பவர் "ஆளோட வலது" என்பார். வாங்குகிறவர் அச்சும் தன் முகம் பார்க்கிற திசையையே பார்க்கும்படி திருப்பி வைத்து, "ஆளோட வலது" என்று திருப்பிச் சொல்வார். அச்சு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் வலது நமக்கு இடது. அந்த ஒரு வரிதான் அதை நேர்செய்துகொண்டிருந்தது. நீ பார்த்த படத்தில் அதுவும் அரட்டையாகத்தான் தெரிந்திருக்கும். யாரும் உனக்குச் சொல்லவில்லை. கேட்டால் சாக்கு என்பாயோ என்று பயம்.

மெழுகு வேலை செய்யும் அக்கா அன்று அச்சைப் பேசாமல் சுண்ணாம்பின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சுண்ணாம்பைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "கேக்கத்தான்மா வாயத் தொறந்தேன். மேல பாத்தேன். மூடிக்கிட்டேன்" என்றார். பிறகு, "தம்பி படிச்சவரு, அவரு சொன்னா ஒரு கணக்கு இருக்கும்" என்றார். குத்திக் காட்டியது போலவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெழுகக்காதான் பொரிந்து தள்ளினாள்: "அந்தக் கண்ணாடிக் கண்ணுக்கு ஒரு காதையும் வாங்கி மாட்டச் சொல்லுங்க உங்க தம்பிய!"

இன்று நேரில் போனபோது டாக்டரம்மா கத்தவில்லை. "ஆள அனுப்பிட்டோம்னு மட்டும் வந்து நிக்காதீங்க. எனக்கு ஆள் வேணாம், காரணம் வேணும்" என்றார். காரணம் எனக்குத் தெரியும். விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நான் சொன்னால் தம்பியைப் பற்றிக் கோள் சொன்னதாகிவிடும். நீ சொன்னால் பட்டறையே சொன்னதாகும். சுண்ணாம்பை அனுப்ப எனக்கு மனமில்லை. உன் பேச்சை மீறி வைத்துக்கொண்டால், பாதிப் பங்குக்காரன் சொல்லை அக்கா மதிக்கவில்லை என்று ஆகும். அப்படி ஒன்று நமக்குள் இதுவரை வந்ததில்லை. வரவும் வேண்டாம்.

பலகையும் நேரமும் அப்படியே இருக்கட்டும். அந்த அச்சைச் செதுக்கிய நாளின் காலைப் பதிவை மட்டும் ஒருமுறை போட்டுப் பார். சுண்ணாம்பு தலையைத் தூக்கி உன்னைப் பார்க்கிற இடம் வரும்.

புதிய பல்லுக்கான அச்சைச் சுண்ணாம்பே செதுக்குகிறார். நான் பக்கத்தில் நின்று திருப்பிச் சொல்கிறேன். வியாழன் மாலை முடியும். வெள்ளி காலை ஆசிரியைக்கு மாட்டிப் பார்ப்பார்கள். அதன் பிறகு வேலை தருவதா இல்லையா என்று டாக்டரம்மா சொல்வார். அதற்குள் காரணம் அவர் கைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு சனிக்கிழமை வரை வருவேன் என்றிருக்கிறார். நீ குரூப்பில் போட்டதற்குக் கீழே இதுவரை யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அடுத்த வார்த்தை உன்னுடையதாக இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நாலு பேர் உன்னை நல்லவன் என்று சொல்ல வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா