கணக்குப்பிள்ளை வந்த திங்கட்கிழமை

இன்று காலை யுபிஎஸ் பேட்டரிகளின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் புளித்த ஆசிட் வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. "துப்பட்டாவைத் தூக்கிச் செருகிக்கிடுட்டி, ஓட்டை விழுந்துரும்" என்று சொல்ல நீ பக்கத்தில் இல்லை. உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாம் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள். நீ நாசரேத்திலிருந்து வந்தவள், நான் பொங்கலூர்க்காரி. உன் பேச்சு எனக்கும் என் பேச்சு உனக்கும் சிரிப்பாக இருந்த காலம் அது. வேலையை விட்டு, மாடியில் ஓர் அறை பிடித்து, ஏற்றுமதி கம்பெனிகளின் வெப்சைட்டையும் மெயிலையும் பார்த்துக்கொள்ளும் தொழிலைத் தொடங்கினோம். வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். அதை நம்பித்தான் நம் பிழைப்பு.

அந்த சர்வரை மேய்க்க ஒரு கன்ட்ரோல் பேனல் வைத்திருந்தோம். புது மெயில் முகவரி வேண்டுமா, பாஸ்வேர்டு மாற்ற வேண்டுமா, கட்டளைகளைத் தட்டாமல் திரையில் அழுத்தியே செய்துவிடலாம். காசு கட்டி வாங்கியது. அதன் கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகாமல் போனபோது, இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பார்க்கவே பளபளவென்று இருந்தது. அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாய். மற்றொன்று சாம்பல் நிறத்தில், எங்கு பார்த்தாலும் எழுத்தும் கட்டமுமாக இருந்தது. அது 'கணக்குப்பிள்ளை'.

உனக்கு மாப்பிள்ளையைத்தான் பிடித்திருந்தது. வாடிக்கையாளரின் போனை எடுப்பவள் நீ. மாப்பிள்ளையில் அவர்களே பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டால் பாதி போன் குறையும் என்றாய். எனக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை இல்லை. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு நீயே ஒரு வழி சொன்னாய்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ரெண்டையும் போட்டுப் பாப்போம். மெயில் ஓடட்டும். பொறவு பேனலைத் தூக்கி வெளிய போடுவோம். அது போன பொறவும் மெயில் ஓடுதான்னு பாக்கணும்லா?"

செய்தோம். மாப்பிள்ளையை நீக்கியதும் மெயில் அமைப்புகள் மொத்தமும் அதனோடு போய்விட்டன. எல்லாவற்றையும் தன் பாணியில் மாற்றி எழுதி வைத்திருந்தது அது. கணக்குப்பிள்ளையை நீக்கினோம். மெயில் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, இதையே வச்சிக்கிடுவோம். பாஸ்வேர்டு மாத்தணும்னா எனக்குப் போன் பண்ணட்டும்" என்றாய். ஆசைப்பட்டதை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க எனக்கு இன்றும் வருவதில்லை.

வேறொரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் கணக்குப்பிள்ளையைப் போட்டு, எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை அங்கே மாற்றிவிடலாம் என்றிருந்தோம். அன்று பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. வாடகைக் கெடு முடிவதால் திங்கள் மாலை பழைய சர்வரை நிறுத்திவிடுவார்கள். வேறு வழியில்லாமல் திங்கள் காலையில், வேலை நேரத்திலேயே மாற்றினோம். எல்லாம் ஓடுவது போலத்தான் தெரிந்தது.

பத்து மணி வாக்கில் நம் பெரிய வாடிக்கையாளர் படியேறி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க அம்மிணி, சென்னை பையிங் ஆபீஸ்ல இருந்து மெயில் போட்டாத் திரும்பித் திரும்பிப் போகுதாமா. கலர் ஓகேன்னு எழுத்துல வந்தாத்தான் டையிங் பட்டறைல சாயத்துக்குத் துணிய உள்ள போடுவாங்க. மத்தியானத்துக்குள்ள போடலீன்னா மிசின வேற பார்ட்டிக்கு விட்டுருவானுங்க. அப்புறம் கப்பலுக்குச் சரக்கு போவாது."

சென்னைப் பக்கம்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடு என்று உன் காதில் முணுமுணுத்தேன். நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

"கோளாறு எங்க பக்கந்தாங்க. இன்னைக்குக் காலைல சர்வர மாத்துனோம். உங்க மெயில் அதுல எங்கயோ நிக்குது. எங்கன்னு இன்னும் தெரியல" என்றாய்.

அவர் முகம் கறுத்துவிட்டது. அப்போது பார்த்துக் கரண்ட் போனது. காற்றாடி நின்றது. யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. அந்தப் பழைய பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது நம் இருவருக்கும் தெரியும். நீ சட்டென்று போனை எடுத்து அவரிடம் எண்ணைக் கேட்டுச் சென்னைக்குப் பேசினாய். வெளிநாட்டுக்காரருக்காகச் சரக்கு வாங்கும் அந்த ஆபீஸில், கலர் மெயிலை அனுப்ப வேண்டிய அம்மா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். அவரைப் போனிலேயே பிடித்து வைத்துக்கொண்டு, உன் திருத்தமான ஆங்கிலத்தில், பதற்றம் துளியும் காட்டாமல் பேசிக்கொண்டே இருந்தாய். உன் கால் மட்டும் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

நான் கணக்குப்பிள்ளையின் கட்டங்களில் தேடினேன். சர்வர் எந்தெந்தக் கம்பெனிகளின் மெயிலை வாங்கிக்கொள்ளலாம் என்ற பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தேன். அவருடைய கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அவ்வளவுதான். இவர் யாரோ எனக்குத் தெரியாது என்று சர்வர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. எழுத்தைச் சேர்த்துச் சேமித்தேன். மெயில் சேவையை நிறுத்தித் துவக்கும் பொத்தானை அழுத்தினேன். யுபிஎஸ் நீளமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. திரை கறுப்பானது.

துவங்கியதா இல்லையா என்று பார்க்க வழியில்லை. உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு போனில், "இப்போது அனுப்புங்கள்" என்றாய்.

அவர் தன் செல்போனில் ஆபீஸுக்குப் பேசினார். அங்கே ஜெனரேட்டர் ஓடியது. "பாரு... வந்துச்சா... மறுக்காப் பாரு." தெருவில் ஒரு டெம்போ பின்பக்கமாக வரும் சத்தம் மட்டும் கேட்டது. "வந்துருச்சா? அப்ப டையிங்குக்குச் சொல்லீரு" என்றவர், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்சம் கழித்து உன்னிடம் சொன்னார். "நெசத்தச் சொன்னீங்க அம்மிணி. அது பெரிய காரியம். ஆனா இந்தப் படபடப்பு இனி எனக்கு ஆவாதுங்க. மாசக் கடைசில வேற எடத்துக்கு மாத்திக்கறனுங்க."

சொன்னபடியே போய்விட்டார். அன்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. உண்மையைச் சொன்னதால்தான் போனார் என்று உன்னிடம் கத்தினேன்.

"எழுத்து விட்டுப்போனதுனால போனாரு. அவரு எடத்துல நாம இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்போம்" என்றாய். பிறகு, "முதல்ல கெட்டதச் சொல்லிரணும்ட்டி. சுத்தி வளச்சா கேக்கவங்களுக்கு ரெண்டு வலி."

அவர் சொல்லி நம்மிடம் வந்திருந்தவர்கள் யாரும் போகவில்லை. ஏன் என்று நாம் கேட்கவுமில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சர்வர் ஒன்று மூன்றானது. நீ கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கினாய். சென்ற ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை.

உன் மெயில் முகவரிக்கு இன்னும் எழுதுகிறார்கள். போன வாரம் அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடைக்காரர் எழுதியிருந்தார்: "அம்மிணி, சௌக்கியங்களா? பாஸ்வேர்டு மறந்து போச்சுங்க. மாத்திக் குடுங்க." பதில் எழுத உட்கார்ந்தேன். நலம் விசாரித்து, மழையைப் பற்றி எழுதி, எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன்.

முதல் வரியில், "அவங்க ஆவணியில இறந்துட்டாங்க" என்று எழுதினேன். அடுத்த வரியில் புது பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுத்தினேன்.