கட்டைவிரல் பேச்சு

12-2-1984, பரவை

சந்தையிலிருந்து இன்றைக்கும் இரண்டு பேர் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். இருபது வருடம் அங்கே தக்காளியும் வெங்காயமும் ஏலம் கூறிய தொண்டை அவருடையது. இரண்டாம் தடவை வாதம் அடித்ததில் பேச்சு போய்விட்டது. கை கால் விழுந்துவிட்டன. இடது கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்கிறது. "புத்தி தெளிவா இருக்கும்மா" என்றார் டாக்டர். அது தெரியாமல், வந்தவர்கள் செவிடரிடம் பேசுவதுபோல அவர் காதில் கத்தினார்கள்.

3-3-1984

அம்மா அட்டையில் எழுத்துகளை எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறாள். வேண்டிய எழுத்து வந்ததும் அப்பா கண்ணை மூட வேண்டும். 'த' வந்ததுமே அம்மா முந்திக்கொள்கிறாள், "தண்ணியா? தலவலியா? தலகாணியா?" அப்பா கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டார், அம்மா அட்டையை எடுத்து வைக்கும்வரை திறக்கவே இல்லை.

நான் மட்டும் என்ன? நானும் முந்திக்கொண்டுதான் சொல்கிறேன்.

18-3-1984

காலேஜில் என்னோடு கணக்குப் படித்த பட்டுவின் வீட்டுக்குப் போனேன். அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த கம்ப்யூட்டர், ஒரு சிலேட் அளவுதான் இருக்கும். ரப்பர் பொத்தான்கள். கூடவே வந்த குட்டி டிவியில் சொருகினால் எழுத்து வருகிறது. அண்ணன் திரும்பிப் போய்விட்டார். பட்டு தானே புத்தகம் பார்த்துப் படித்து, அதில் ஒரு மரம் வரைந்திருக்கிறாள்.

"நாம சொல்றதைச் செய்யும்டி. தப்பாச் சொன்னா தப்பாச் செய்யும்."

"ஒரே ஒரு பொத்தான் போதும்னு அதுகிட்டச் சொல்ல முடியுமா?"

ஏன் கேட்கிறேன் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

8-4-1984

கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாக நாங்களே வரைய வேண்டும். 'க' வந்துவிட்டது. 'ண' அடங்கவே இல்லை. அதைவிடப் பெரிய தலைவலி — புதிதாக இருபத்தோரு எழுத்துக்குத்தான் இடமாம். தமிழை எங்கே கொண்டுபோய் வைப்பது?

10-4-1984

"இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துலயே நம்ம எழுத்தை உக்கார வெச்சா?" என்றாள் பட்டு. உட்கார்ந்துவிட்டது! 'ண'வுக்கு இரண்டு கட்டம் கொடுத்தோம்.

22-4-1984

கரண்ட் போனது. அதுவரை எழுதியதைக் கேசட்டில் பதிந்துவைக்க மறந்திருந்தோம். எல்லாம் போச்சு. ச்சே!

6-5-1984

மாமா முத்திருளன் எனக்கு ஒரு சம்பந்தம் பேசிவிட்டார். அம்மாவின் அண்ணன், கேட்க ஆள் இல்லை. "மச்சானைக் கேட்டேன். கண்ணை மூடித் தொறந்தாரு. சம்மதந்தான்."

கண்ணை மூடித் திறக்காத மனுசன் உண்டா? நான் மேலே படிக்கணும்னு அப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? வர்ற ஞாயிறு அவங்க வாராங்களாம்.

10-5-1984

போனதையெல்லாம் மறுபடி எழுதி முடித்தோம். பட்டு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவின் கட்டைவிரலுக்கு அடியில் பெட்டியை வைத்தோம். டிவியில் எழுத்துகள்மேல் ஒரு கட்டம் நகரும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் அமுக்கினால் அது கீழே இறங்கி நிற்கும்.

முதலில் எல்லாம் தவறி விழுந்தது. வேகத்தைக் குறைத்தோம். யாரும் வாயே திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

'கஞ்சி' என்று வந்தது. அம்மா அடுப்படிக்கு ஓடப் பார்த்தாள். பிடித்து நிறுத்தினேன்.

'கஞ்சி வேணாம் மீன்'

அம்மா சிரித்தாள். அப்புறம் சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். அப்பா விடவில்லை, மறுபடியும் 'மீன்'.

13-5-1984

மாப்பிள்ளை வீட்டார் உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். "மச்சான் சம்மதிச்சதுதான்" என்று மாமா ஆரம்பித்ததும் அப்பாவின் விரல் துடித்தது. பட்டு டிவியைப் போட்டாள்.

"இதென்ன சினிமாவா?" என்றார் மாமா. டிவியில் கட்டம் எழுத்து எழுத்தாக நகர்ந்தது. காபி ஆறியது. கடைசியில்,

'அவளக் கேட்டியா'

மாமாதான் வாசித்தார். "உங்க நல்லதுக்குத்தான மச்சான்…" கட்டம் மறுபடி நகர்ந்தது. மாமா நிறுத்திக்கொண்டார்.

'கேளு'

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். படிக்கணும் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா சுந்தரம்மாள்தான் முதலில் எழுந்தார். கோபமாக்கும் என்று பயந்தேன். டிவி பக்கத்தில் போய் நின்று பார்த்தார். "எம்புட்டு நேரமானா என்ன? மனுசன் தன் பேச்சைத் தானே பேசிட்டாருல்ல. வாங்க போவம்."

14-5-1984

மாமா பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

20-1-1985

காலேஜ் லீவு. திருவாதவூரிலிருந்து சோணை என்ற விவசாயி வந்திருந்தார். அவர் மனைவி முனியாயிக்கும் இதேபோல வாதம். யாரோ சந்தையில் எங்கள் பெட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பட்டுவின் அண்ணன் அனுப்பிய இரண்டாவது கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கிறது.

"ஆனா தாயி, அவளுக்கு எழுத்தே தெரியாதே" என்றார் சோணை.

நானும் பட்டுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுத்துக்குப் பதிலாகப் படம் போட்டால்? தண்ணீர், சோறு, மருந்து, வலி — கட்டம் படத்தின்மேல் நகர வேண்டியதுதானே!

"அவுகளுக்கு முதல் படம் என்ன போடலாம்?" என்று கேட்டேன். "உங்க முகத்தைப் போடவா?" என்று பட்டு அவரைக் கிண்டல் செய்தாள்.

சோணை யோசிக்கவே இல்லை. "மாடு போடுங்க தாயி. கண்ணு முழிச்சதும் அதைத்தான் கேப்பா. நானெல்லாம் அப்பறம்."

அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார்.