ரப்பியின் பை வீடு போய்ச் சேர்ந்தது

என் அன்புக்குரிய அத்தாவுக்கு, உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும்.

ஜெயித்துவிட்டோம் அத்தா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நீங்கள் அத்தனை வருஷம் காத்த நீலப் பையை நேற்று உரியவர் கையில் ஒப்படைத்துவிட்டேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நம் ஸ்வெட்டர் கடை. வட்டக்கானலில் தங்கியிருந்த ஒரு யூத இளைஞர், கூக்கால் கிராமத்துக்குப் போய்விட்டு மூன்று நாளில் வருவதாகச் சொல்லி உங்களிடம் அந்தப் பையைக் கொடுத்தார். வரவே இல்லை. உள்ளே வெள்ளிக் கிண்ணம் ஒன்று, கோபுரம் மாதிரி வெள்ளிச் சிமிழ் ஒன்று, நீள வார் வைத்த கறுப்புத் தோல் பெட்டிகள் இரண்டு. பெட்டிக்குள் வேத வசனம் எழுதியிருக்கும் என்று வேறொரு பயணி சொன்ன நாளிலிருந்து, அந்தப் பைக்கு மேல் ஒரு கைக்குட்டையைக்கூட நீங்கள் வைக்கவிட்டதில்லை.

மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டினால் போதும், தொழுகைக்குப் போல் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு அவற்றை எடுத்துக் காயவைப்பீர்கள். நம் ஊர் ஈரத்தில் செருப்பே பூசணம் பூக்கும். "யாவாரத்தப் பாக்காம இது என்னத்தா சோலி?" என்று அண்ணன் கத்துவான். வெள்ளி வாங்க ஆள் வந்தபோது கொடுத்துவிடச் சொன்னவனும் அவன்தான். உண்மையைச் சொன்னால், நானும்தான்.

"அமானிதம்மா அது. நம்பிக் குடுத்துட்டுப் போனது. நாளைக்கு அல்லா கேப்பான், நீ வந்து பதில் சொல்லுவியா?" என்றீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களிலும் உங்களுக்கு அந்தப் பயம்தான். பை பத்திரமா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பத்திரம்தான் அத்தா என்பேன்.

நேற்று வெள்ளனே கடை திறந்ததும் நரைத்த தலையோடு ஒரு வெளிநாட்டுப் பெண்மணி மூச்சு வாங்க வந்தார். இது ஆறாவது கடை என்றார். பையைக் கொடுத்தவர் அவருடைய தம்பியாம். அவர்கள் தாத்தா ஹசிதியர் என்ற யூதப் பிரிவின் குரு, ரப்பி. அவர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு சண்டை போட்டு, தாத்தாவின் வழிபாட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். கூக்காலில் காய்ச்சலில் விழுந்தவரை நேரே ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாமான் எங்கே என்று கேட்டதற்குத் தூக்கி எறிந்துவிட்டதாக வீறாப்பாகச் சொன்னவர், போன மாதம்தான் அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, பையைக் காட்டாமல் அடையாளம் கேட்டேன். அவர் வலது கையை நீட்டினார். தோல் பெட்டியின் வாரை, தொழும்போது மற்றவர்கள் இடது கையில் சுற்றுவார்களாம். தாத்தா இடதுகைக்காரர், அதனால் வலது கையில். முடிச்சும் மாறித்தான் இருக்கும் என்று சொல்லி, மற்றவர்களுடையதைப் போனில் காட்டினார். பையை இறக்கிப் பார்த்தேன். நம்மிடம் இருந்தது அப்படியே எதிர்ப்பக்கம். பையை அவர் கையில் கொடுத்தேன்.

தோலைத் தடவிப் பார்த்து, "பூசணமே இல்லையே, யார் காயவைத்தது?" என்று கேட்டார். எங்க அத்தா என்றேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டேன். ஒரு வியாழக்கிழமை அம்மா விவரம் தெரியாமல் அந்தச் சிமிழில் சாம்பிராணி போட்டதற்கு நீங்கள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தீர்களே, அதைத்தான். அவர் முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். அவர்களுடைய சனிக்கிழமை ஓய்வுநாள் முடிகிறபோது கிராம்பு, பட்டை போட்டு முகர்ந்து பார்க்கிற சிமிழாம் அது. "நான் அப்பயே சொன்னேன், வாசனைச் சாமான்தான்னு. உங்கத்தா கேட்டாத்தானே" என்கிறார் அம்மா.

தம்பிக்கு வீடியோ கால் போட்டார்கள். பையைப் பார்த்ததும் அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, கடைக்காரர் எங்கே என்று கேட்டார். மவுத்தாகி, அடக்கம் செய்து மூன்று வருஷம் என்றேன். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். கல்லாவில் இருந்த அண்ணன் குனிந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.

இனி அல்லா அந்தக் கேள்வியைக் கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல்லுங்கள் அத்தா. கொடுத்தாச்சு, ஒரு சேதாரமும் இல்லாமல் கொடுத்தாச்சு.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அண்ணனை உங்களை அடக்கிய கபருக்கு அனுப்புகிறேன். "நீங்க சொன்னதுதான் சரித்தா" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். பெண்களை உள்ளே விடமாட்டார்கள், நான் வெளிவாசலில் நிற்பேன். சொல்லாமல் வந்தானென்றால் மறுபடியும் உள்ளே அனுப்புவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்களோடு சண்டை போட்டே வளர்ந்த,
உங்கள் மகள்