படிக்கட்டில் கேட்ட ஸ்பானிஷ் பாட்டு

ஷ்வேப்யிதா, ரங்கூன்

அம்மாவுக்கு மகன் தயாளன் வணங்கி எழுதுவது. உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம். வலது கை மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தால், எங்கள் ஆலை விடுதியில் எல்லோரையும் எச்சரிக்க ஒரு ஸ்பானிஷ் ராக் பாட்டைச் சத்தமாகப் போடுவோம். அந்த நாட்டுக் கிராமத்து மேளம் அதில் நம் உறுமி மாதிரி அதிரும். இங்கே யாரிடமும் இருக்காது என்று நான்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஞாயிறு காலை படிக்கட்டில் அந்தப் பாட்டு கேட்டது. இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடி, எதிரே வந்தவனின் வாயில் அடித்தேன். பல் தெறித்தது. "அடிக்காதீங்க அண்ணே, சாப்பாடு கொண்டாந்தவன்!" என்று பர்மியில் கத்தினான். என் கோபம் உங்களுக்குத் தெரியுமே. அதற்குப் பிறகும் இரண்டு அடி போட்டேன்.

கீழே விழுந்த அவன் போனில்தான் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. திரையில் பர்மிய எழுத்தில் 'அம்மா' என்றிருந்தது. நின்றது, மறுபடியும் ஒலித்தது. யாரும் எடுக்கவில்லை.

தாடை உடைந்திருக்கிறது, பிழைத்துக்கொள்வான். நீங்கள் கவலைப்படாதீர்கள். நம் கியாக்தானிலிருந்து பஸ்ஸில் வரும் மாலா அக்காவிடம் தைலமும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புங்கள்.

ஆலை வண்டி வந்துவிட்டது. கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் செய்யாதீர்கள், அம்மா. கடிதம் போடுங்கள்.

தயாளன்