காருக்குள் கெட்டிமேளம்

ஜூன் 9, ஞாயிறு

மழை. ஜெர்மனியின் கொலோனில் ஜூனிலும் மழைதான். காலையிலேயே அம்மாவுக்கும் சிவம் மாமாவுக்கும் சண்டை. விஷயம் மேளம். தங்கச்சி வாசுகிக்கு இன்னும் இரண்டு கிழமையில் கல்யாணம். எங்களுக்குத் தெரிந்த ஒரே மேளக் கோஷ்டிக்கு அதே நாளில் வேறு ஊரில் கல்யாணம்.

மாமா: "கசெற்றிலை போடுவம். இப்ப எல்லாரும் அதுதானே செய்யினம்."

அம்மா: "கசெற்றிலை தவில் கேக்குமே? தகரம் தட்டின மாதிரிக் கேக்கும். கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டுறதோ?"

அதற்கு மேல் மண்டப விதி. உள்ளே ஒலிபெருக்கி கூடாதாம். ஒப்பந்தத் தாளை எடுத்து மூன்று தரம் வாசித்தேன். உள்ளே கூடாது என்றுதான் இருக்கிறது. பக்கக் கதவுக்கு வெளியே நிற்கும் காருக்குள் பாட்டுப் போடுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்த நாட்டில் எழுதாதது தடையில்லை.

"மேளம் என்ரை பொறுப்பு," என்றேன்.

இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் ஏழு வருஷமாக வேலை செய்கிறேன். என் கார் ஒன்று வாசலில் நிற்கிறது. வேறு என்ன வேண்டும்?

ஜூன் 11, செவ்வாய்

பின்னேர ஷிஃப்ட். போகுமுன் காரில் நாதஸ்வரக் கசெற் போட்டுப் பார்த்தேன். காரோடு வந்த ரேடியோ, கதவுகளில் சின்ன ஸ்பீக்கர்கள். நாயனம் காதைக் கிழிக்கிறது. தவிலில் வலந்தலை மட்டும் டக் டக். மற்றப் பக்கமான தொப்பியின் அடித்தொனி எங்கே போனதோ. அம்மா சொன்ன தகரமேதான்.

அடித்தொனிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர், சப்வூஃபர், வேண்டும். முடிவு.

வேலையில் என் பக்கத்து மேசையில் ஊவே என்ற ஜெர்மன்காரன். காருக்குள் ஸ்பீக்கர் அடுக்குவதே அவனுக்குச் சனிக்கிழமை. தான் கழற்றி வைத்த பழைய வூஃபரும், சத்தத்தைப் பெருக்கும் அம்ப் பெட்டியும் இருக்கிறதாம். யாருக்குப் பூட்டுகிறாய் என்று கேட்டான். தங்கச்சிக்குத் தாலி கட்ட என்றேன். தலையைச் சொறிந்தான்.

ஜூன் 12, புதன்

மாமா வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நல்ல செய்தியில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பாரிசிலிருந்து மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தாவாம். மாமா என்னிடம் சொன்னார்: "அவ குறையாச் சொல்லேல்லை, ரதி. மூத்தவள் புருஷனை விட்டிட்டு இருக்கிறாள்தானே, தாலி கட்டேக்கை மணவறைக்குக் கிட்ட நிக்க வேண்டாம், நாலு சனம் கதைக்கும் எண்டு..."

"விட்டிட்டு இல்லை மாமா. அவர் அடிச்சார், நான் வந்திட்டன்."

"எனக்குத் தெரியும் பிள்ளை."

எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறக்க மட்டும் ஆளில்லை. வாசுகி அழுதாள். கல்யாணத்தையே நிப்பாட்டுறன் என்றாள். "விசர்க் கதை கதையாதை. நான் எப்பிடியும் காருக்கைதானே இருக்கப் போறன்," என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. இவளுக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். இனி இந்த மேளமும் கேட்காமல் போனால் என் தங்கச்சியின் கல்யாணத்தில் எனக்கென்று ஒரு இடமும் இல்லை. கேட்கும். கேட்க வைப்பேன்.

ஜூன் 15, சனி

வெயில்! விடியவே தொடக்கம். வாங்கியவை: பலகை, பசை, தடித்த சிவப்பு வயர், ஃபியூஸ், நல்ல ஸ்க்ரூ. பால் மறந்துவிட்டேன். அம்மா முறைத்தார்.

காரோடு வந்த ரேடியோவில் அம்புக்கென்று தனி வழி கிடையாது. பின் ஸ்பீக்கருக்குப் போகும் வயரைத் தேடிப் பிடித்து அதிலிருந்து ஒரு கிளை. அந்தச் சத்தம் அம்புக்கு அதிகம். குறைத்துக் கொடுக்க நடுவே ஒரு சின்னப் பெட்டி. கரண்ட் நேரே பேட்டரியிலிருந்து, ஃபியூஸ் வழியாக. எர்த் வயருக்கு டிக்கியில் பெயின்ரைச் சுரண்டிப் வெறும் இரும்பில் ஸ்க்ரூ.

பூட்டி முடித்து எஞ்சினை எழுப்பினால் ங்ங்ங் என்று நுளம்புச் சத்தம். மிதித்தால் நுளம்பும் மேலே ஏறுகிறது. ஐந்து நிமிஷம் என்னையே திட்டினேன். கரண்ட் வயரையும் பாட்டு வயரையும் ஒரே பக்கத்தால் இழுத்திருக்கிறேன். வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அதுதான். காரின் தரைக் கம்பளத்தை மறுபடி கிளப்பி ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம். நுளம்பு செத்தது.

ஜூன் 16, ஞாயிறு

புதுக் கசெற் ஒன்றில் கெட்டிமேளம் மட்டும் திரும்பத் திரும்பப் பதிந்தேன். மாமாவை முன் சீற்றில் இருத்திப் போட்டேன்.

மாமா நெஞ்சில் கை வைத்தார். "எடி பிள்ளை, இஞ்சை அடிக்குது!"

மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது. கிழவர் எட்டிப் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமை!" என்று கத்தினார். நியாயம். இங்கே ஞாயிறில் குடியிருப்புக்குள் சத்தம் கூடாது. நிறுத்தினேன். ஆனாலும் அம்மா குசினிக்குள் இருந்தே தவில் கேட்டதாம். அதற்குப் பிறகு இரண்டு தோசை கூடப் போட்டார்.

ஜூன் 22, சனி

நாளைக்குக் கல்யாணம். என் தாய் ஒரு தெய்வம். என் தாய் ஒரு அழிவு.

நான் பூ வாங்கப் போன நேரம் கார்த் திறப்பை எடுத்து டிக்கியைத் திறந்திருக்கிறார். ஸ்பீக்கர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். அதோடு விட்டாரா? டிக்கி விளிம்பிலேயே தேங்காய் உடைத்திருக்கிறார். தேங்காய்த் தண்ணீர் முழுக்க அம்புக்கு அபிஷேகம். நான் வந்து கசெற்றைப் போட்டதும் ஃபியூஸ் போனது. சத்தம் இல்லை.

"புதுச் சாமானைத் தேங்காய் உடைக்காமல் தொடங்கலாமே?" அம்மா தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். திட்ட மனம் வரவில்லை.

பயந்தேன். உண்மை. ஆனால் வயர் என்பது வயர்தான். கழற்றினேன். அயன் பெட்டிக்கு ஊற்ற வைத்திருக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரால் அம்புக்குள் இருக்கும் சர்க்கியூட் பலகையைக் கழுவினேன். வாசுகியின் தலைமயிர் உலர்த்தும் மெஷினைப் பிடுங்கினேன். அவள் ஈரத் தலையோடு பக்கத்தில் குந்தி, "அக்கா, ஏலாட்டி விடு," என்றாள்.

"ஏலாது எண்ட சொல்லை இண்டைக்குச் சொல்லாதை."

பின்னேரம் புது ஃபியூஸ். தவிலின் தொப்பி பேசியது. வாசுகி என் தோளில் ஈரத் தலையைச் சாய்த்தாள். எனக்கும் கண் கலங்கியது.

ஜூன் 23, ஞாயிறு

வெயில், காற்றில்லை. பக்கக் கதவோடு காரைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தி டிக்கியைத் திறந்தேன். கூறைப்பட்டுக்கு இணையாகச் சீலை கட்டியிருந்தேன், யார் பார்க்காவிட்டாலும். எனக்குத் தெரிந்தது கதவில் நின்ற மாமாவின் முதுகு மட்டும். ஐயர் விரலை உயர்த்த மாமா கையை உயர்த்த வேண்டும். ஏற்பாடு அது.

கசெற் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மந்திரம் நீண்டது. ஒரு குழந்தை அழுதது. மாமாவின் கை எழும்பியது.

அழுத்தினேன்.

தவில்! மண்டபக் கண்ணாடி அதிர்ந்தது, சீற் அதிர்ந்தது, என் வளையல் அதிர்ந்தது. மாமா திரும்பி இரண்டு கையாலும் 'போடு, போடு' என்று காட்டினார். கன்னத்தில் கண்ணீர். தாலி ஏறியதை நான் காணவில்லை. ஆனால் என் சத்தத்துக்குள்தான் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா தாம்பூலத் தட்டோடு வெளியே வந்தா. படத்தில் பார்த்த முகம். மாப்பிள்ளையின் தாய். பின்னால் லைட்டோடு வீடியோக்காரர். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி.

"மேளம் ஆர்?"

"நான்தான் மாமி."

காருக்குள் குனிந்து பார்த்தா. வேறு ஆள் இல்லை.

"நீங்கள்... வாசுகியின்ரை அக்காவோ?"

"ஓம்."

தட்டு அப்படியே நின்றது. மேளத்துக்கு மரியாதை செய்யாமல் திரும்பினால் கல்யாணத்துக்குக் குறை. அது என்னைவிட அவவுக்குத் தெரியும். வீடியோவும் ஓடுகிறது. நான் இறங்கி நின்றேன். கையை நீட்டவில்லை. அவசரம் எனக்கில்லை.

இரண்டு கையாலும் தந்தா. குனிந்துதான் தந்தா, அப்படித்தான் தர வேண்டும். பிறகு மெதுவாக, "நல்ல மேளம் பிள்ளை. வேட்டிதான் இருக்கு," என்றா.

"பரவாயில்லை மாமி."

"உள்ளை வாங்கோ. மணவறையிலை படம் எடுக்கினம். அக்கா இல்லாமல் எப்பிடி?"

போனேன். கிட்டத்தான் நின்றேன்.

ஜூன் 24, திங்கள்

லீவு. கால் வலி. அம்மா வேட்டியைத் தூக்கிப் பார்த்து, நல்ல கரை, மாமாவுக்குக் குடுப்பமே என்கிறார்.

குடுக்க மாட்டேன். எனக்குத் தந்தது.