முனியம்மா நாற்காலி போடவில்லை

மார்ச் 8, சனி

பக்கத்து வீட்டு முனியம்மா இன்று எனக்கு நாற்காலி போடவில்லை.

இந்த மலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடமாகிறது. யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிடும். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து பேசுவார்கள். நான் தலையாட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவேன்.

இன்று பாத்திரம் திருப்பித் தரப் போனபோது, முனியம்மாவும் நான்கு பெண்களும் வாசலில் கல்லால் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எழவில்லை. ஏதோ கோபம்போல என்று திரும்பிப் போகப் பார்த்தேன்.

“இன்னா டீச்சர், நின்னுக்கினே இருக்கீங்க? ஒக்காருங்க,” என்று முனியம்மா ஒரு குவியலை என் பக்கம் தள்ளினாள்.

உட்கார்ந்து, ஒவ்வொரு கொட்டையாகத் திருப்பிப் பார்த்து எடுத்தேன்.

“டீச்சர் கொட்டைக்கும் பரீட்சை வைக்கிறாங்கடி!” என்றாள் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு பேச்சு அதுபாட்டுக்குப் போனது. வெயில், புளி வாசம், கற்கள் விழும் சத்தம். என்ன பேசுவது என்று நான் தேடவே இல்லை என்பது பொழுது சாய்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஆள் போதாமல் உட்காரவைத்திருப்பார்கள் என்று நினைத்தபடி எழுந்தேன்.

“உங்க வூட்டு மரத்துப் புளி கொட்டிக் கெடக்குதே. நாளைக்கு நாங்க அல்லாரும் வர்றோம்,” என்றாள் முனியம்மா. ஒரு வீட்டில் கைகொடுத்தவர் வீட்டுக்கு மறுநாள் எல்லோரும் போவது இங்கே வழக்கமாம்.

கண்ணை மூடினால் இன்னும் அந்தக் கல் சத்தம் கேட்கிறது. நாளை ஐந்து பேர் வருகிறார்கள். என்னிடம் இரண்டு டம்ளர்தான் இருக்கிறது.